நாலு வரிசை, நாலு வார்டு

அந்த அம்மா ஊராட்சி அலுவலகத்துப் படியேறும் சத்தம் கேட்டால், மேசைமேல் எது கிடக்கிறதோ அதைக் கையில் எடுத்துக்கொண்டு மும்முரமாகப் படிப்பதுபோல உட்கார்ந்துவிடுவேன். ஒருமுறை அவசரத்தில் எடுத்தது மளிகைக் கடைக் காலண்டர். அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "படிச்சு முடிங்க கிளார்க் சார், எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார். அவருக்கு எப்போதுமே அவசரம் இருந்ததில்லை. எனக்கு அதுதான் தொல்லை.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எழுத்துப்பிழை இருக்கிறது என்று ஓசூரிலிருந்து போன் செய்தாலும் செய்வார். காலனியில் எல்லாரும் டிரேசரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நெய்வேலியில் சுரங்கத்தின் சர்வே பிரிவில் அவர் பார்த்த வேலை அது. வரைபடத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, அடியில் தெரிகிற கோடுகளை மைப்பேனாவால் அப்படியே இழுத்து எடுக்க வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் அதைச் செய்திருக்கிறார். கம்ப்யூட்டர் வந்த பிறகு கோப்பு அடுக்க விட்டார்களாம். ஓய்வு பெற்றதும் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டியிருந்தது. கணவர் முன்னமே போய்விட்டார். ஒரே மகன் ஓசூரில். இவர் எங்கள் ஊராட்சியின் காலனியில் ஒரு வீட்டை வாங்கிக்கொண்டு தனியாக வந்து குடியேறினார். எனக்கு அப்போது ஐம்பது வயது முடிந்திருந்தது. மீதி சர்வீஸைச் சத்தமில்லாமல் ஓட்டிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊராட்சி கம்மாபுரம் போகிற பக்கம். ஊர் பழையது, காலனி பிறகு வந்தது. சுரங்கத்துக்கு நிலமும் வீடும் போன வேறொரு கிராமத்துச் சனங்களுக்கு மனை கொடுத்துக் குடிவைத்த இடம் அந்தக் காலனி. நீளமாக இரண்டு தெரு, தெருவுக்கு இரண்டு பக்கமும் வீடுகள், ஆக நாலு வரிசை. ஊருக்கும் காலனிக்கும் நடுவே சுரங்கத்து நீர் ஓடும் அகலமான வாய்க்கால் ஒன்று உண்டு. இளவட்டங்கள் அதன் குறுக்கே கிடக்கும் பெரிய இரும்புக் குழாய்மேல் நடந்து தாண்டுவார்கள். மற்றவர்கள் பாலத்தைச் சுற்றி வர வேண்டும், மூன்று கிலோமீட்டர். அந்த மூன்று கிலோமீட்டரையும் சுற்றிக்கொண்டுதான் டிரேசரம்மா வாரத்துக்கு இரண்டு தடவை என் முன்னால் வந்து உட்காருவார்.

முதல் தடவை வந்தது வீட்டுக் கதவு எண்ணுக்காக. பதினேழுக்குப் பிறகு பத்தொன்பது இருக்கிறது, பதினெட்டு எங்கே என்று கேட்டார். பதிவேட்டில் பதினெட்டு இருக்கிறது என்று காட்டினேன்.

"பதிவேட்டுல இருக்குது. தெருவுல இல்ல. நடந்து பாத்தீங்களா?"

"அம்மா, எழுதுனது நான் வர்றதுக்கு முன்னாடி."

"அப்ப இன்னைக்கு நடந்து பாக்கலாமா?"

அந்தக் கேள்விதான் அவர். யார் எந்த இடத்தைப் பற்றி எதைச் சொன்னாலும், நடந்து பாத்தீங்களா என்பார். கோவிலுக்குப் போகும் வழியைச் சொன்னாலும் கேட்பார், தண்ணீர்க் குழாய் எங்கே உடைந்தது என்று சொன்னாலும் கேட்பார். டவுன்ஷிப்பில் அவர் போகும் தேவாலயத்துச் சுற்றுச்சுவரில் சிலுவைப் பாதைப் படங்கள் மாட்டியிருக்கிறார்கள். ஒன்பதாவதுக்கும் பத்தாவதுக்கும் நடுவில் மட்டும் இடைவெளி நாலடி கூடுதல் என்று பாதிரியாரிடம் சொல்லியிருக்கிறார். "அந்த இடத்துல சேசுவுக்கு ரொம்பக் களைப்பும்மா" என்று அவர் சிரித்துச் சமாளித்தாராம். இவர் சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறும் அதையே சொல்லியிருக்கிறார்.

காலனியில் ஒரு கல்யாணம். பத்திரிகையின் பின்பக்கம் மண்டபத்துக்கு வழி காட்டும் படம் அச்சாகியிருந்தது. படத்தில் வளைவு தப்பு. டிரேசரம்மா பெண் வீட்டில் உட்கார்ந்து மீதமிருந்த பத்திரிகைகளில் ஒவ்வொன்றாகக் கோட்டை அடித்துத் திருத்திக் கொடுத்தார். அச்சடித்த பத்திரிகையில் கிறுக்குகிறார் என்று பெண்ணின் அப்பாவுக்குக் கோபம். கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டு வேன் மட்டும் வழி தவறிச் சுரங்க வாசலுக்குப் போய்விட்டது. காவலாளி உள்ளே விடவில்லை, திரும்பவும் இடமில்லை. முகூர்த்தத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குப் போன பத்திரிகை திருத்தாத கட்டு. நான்தான் சொன்னேனே என்று அவர் யாரிடமும் சொல்லிக்காட்டவில்லை. என்னிடம் மட்டும், "எத்தன பத்திரிகை எனக்கு முன்னாடியே வெளிய போச்சுன்னு அன்னைக்கே கேட்டேன். யாரும் கணக்கு வச்சுக்கல" என்றார், அது என் குற்றம் மாதிரி.

இப்படி எரிச்சல் மூட்டிக்கொண்டே போயிருந்தால் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். வார்டு பிரிக்கும் வேலை வந்தது.

தேர்தல் நடக்காமல் ஊராட்சிக்குத் தலைவரும் உறுப்பினரும் இல்லாமல் தனி அலுவலரை வைத்து ஓடிக்கொண்டிருந்த சமயம். ஒன்பது வார்டுகளின் எல்லையையும் மாற்றி எழுதி வரைவு அனுப்பச் சொல்லி மேலிருந்து கடிதம் வந்தது. பெரிய சாலை, வாய்க்கால் போன்றவற்றை எல்லையாக வைத்துக்கொள்ளலாம் என்றும் அதில் இருந்தது. ஓட்டுக் கணக்குப்படி பார்த்தால் காலனிக்குச் சரியாக இரண்டு வார்டு வரும். முதல் தெரு ஒன்று, இரண்டாம் தெரு ஒன்று. ஒன்பது வயதுப் பிள்ளையைக் கேட்டாலும் அப்படித்தான் பிரிக்கும்.

அன்று சாயங்காலம் பழைய தலைவர் வந்தார். அவர் பதவியில் இல்லை, ஆனாலும் என் மேசைக்கு எதிர் நாற்காலி அவருக்குத்தான் என்பதுபோல உட்காருவார்.

"கிளார்க்கு, காலனிக்காரனுங்களுக்கு ரெண்டு மெம்பரு போச்சின்னு வை, அப்புறம் துணைத்தலைவர் யாருன்னு அவனுங்க கேக்க ஆரம்பிப்பானுங்க. துணைத்தலைவரு கையெழுத்து இல்லாம செக்கு நவுறுமா?"

"நவுறாதுங்க."

"அப்ப இன்னா பண்ற, தெருவ தெருவா பாக்காத. வரிசையா பாரு. நாலு வரிசையயும் பிரிச்சி, ஊர்ல இருக்கிற நாலு தெருவோட ஒண்ணொண்ணா சேத்துக்கினு வா. எழுபது ஓட்டு அங்க, எம்பது ஓட்டு இங்க. பாக்கறவங்களுக்குக் கணக்கு சரியாத்தான் இருக்கும்."

என் பெரிய மகன் அப்போது சுரங்கத்தில் காண்ட்ராக்ட் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். அந்தக் காண்ட்ராக்ட்காரர் தலைவரின் மச்சான். இதை நான் தலைவரிடம் நினைவுபடுத்தத் தேவையில்லை, அவரும் என்னிடம் நினைவுபடுத்தவில்லை. இரண்டு நாளில் கதவு எண்களை வைத்து எழுதிக் கொடுத்துவிட்டேன். காலனியின் நாலு வரிசையும் மூன்று, நாலு, ஐந்து, ஆறு என்று நாலு வார்டுக்குப் போயின. ஒரே தெருவில் எதிரெதிர் வாசலில் கோலம் போடுகிறவர்கள் வேறு வேறு வார்டு.

வரைவை அலுவலகப் பலகையில் ஒட்டினேன். மறுநாள் காலையிலேயே டிரேசரம்மா வந்துவிட்டார். பலகைக்கு முன்னால் அரை மணி நேரம் நின்று, நோட்டுப் புத்தகத்தில் எண்களை எழுதிக்கொண்டார். பிறகு உள்ளே வந்தார்.

"நாலாம் வார்டு என்னோடது."

"ஆமாங்கம்மா."

"அந்த வார்ட மொத்தமா நடந்து பாக்கணும். நீங்களும் வாங்க."

வேலை இருக்கிறது என்றேன். என் கையிலிருந்த காலண்டரைப் பார்த்தார். வேறு வழியில்லாமல் எழுந்தேன். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஊரின் கீழத்தெருவில் ஆரம்பித்தோம், அதுதான் நாலாம் வார்டின் பெரிய பாதி. வீடு வீடாக எண்ணைச் சரிபார்த்தார். ஒரு மாட்டுக் கொட்டகைக்குள் நுழைந்து வெளியே வந்தோம், ஏனென்றால் பட்டியல்படி எல்லை அதற்குள்தான் போயிற்று. தெரு முடிந்தது. வாய்க்கால் கரையில் வந்து நின்றோம். அந்தப் பக்கம், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், அவர் வீட்டு மாடியில் காயும் துணி தெரிந்தது.

"வார்டு முடிஞ்சிருச்சா?"

"இல்லம்மா. அந்தப் பக்கம் தொடருது."

"அப்ப நடங்க."

நான் நின்றேன். அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகி, இரும்புக் குழாய்மேல் ஒரு காலை வைத்துவிட்டார். அறுபது தாண்டிய மனுஷி. அடியில் ஓடுகிற தண்ணீர் ஆள் ஆழம். பாய்ந்து போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

"உங்களுக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு?"

"எனக்கா? கோடு இது மேலதானே போகுது?"

பாலத்தைச் சுற்றியே போனோம். பாதி வழியில் என் செருப்பு வார் அறுந்தது. ஒரு நாய் துரத்தியது. அவர் நோட்டைப் பிரித்து, எத்தனை நிமிஷம் ஆயிற்று என்று எழுதிக்கொண்டே வந்தார். அவர் வீட்டை அடைந்தபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் கேட்டேன். அரை தம்ளர் கொண்டுவந்தார். நான் தம்ளரைப் பார்த்ததும், "தண்ணி லாரி நாளைக்குத்தான் வரும்" என்றார். காலனியின் போர் தண்ணீர் துணி துவைக்கக்கூட லாயக்கில்லை என்பது எனக்கும் தெரியும். ஊருக்கு மேல்நிலைத் தொட்டி இரண்டு. காலனிக்கு ஒன்றும் கிடையாது. கேட்டுக் கொடுத்த மனுக்கள் என் அலமாரியில்தான் கிடந்தன, என் கையாலேயே கட்டி வைத்தவை.

அன்று மாலை காலனியில் ரேஷன் கடைக்கு எதிரில் கூடினார்கள். வரைவைப் பற்றி விளக்கம் சொல்லட்டும் என்று என்னையும் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். டிரேசரம்மா ஆட்சேபணை மனு எழுதிக்கொண்டுவந்து படித்தார். ஒரு பெரியவர், பழைய கிராமத்தில் ஏழு ஏக்கர் வைத்திருந்தவர், எழுந்தார்.

"இந்தம்மா சொல்லி நாம்ப கையெழுத்துப் போடணுமா? இவங்க எங்க வேல பாத்தாங்க? நம்ப ஊர் மேல கோடு போட்டு எடுத்தாங்களே, அந்த ஆபீசு. அந்தக் கோட்ட இழுத்ததே இவங்க கையிதான்."

நான் டிரேசரம்மாவின் முகத்தைப் பார்த்தேன். இந்த அம்மாவின் வாய் அடைபட்டதே என்று ஒரு கணம் சின்னச் சந்தோஷம்கூட எனக்கு வந்தது, மறைக்க விரும்பவில்லை.

"ஆமாங்க" என்றார் அவர். "உங்க ஊரு அந்தத் தாள்ல இத்தனூண்டு. கிணறு வட்டம் வட்டமா இருந்துச்சு, பதினோரு வட்டம். அது மேல எல்லைக் கோட்ட நான்தான் இழுத்தேன். எங்க போடணும்னு முடிவு பண்ணது நான் இல்ல. ஆனா ஒரு நாளாவது பஸ் ஏறி வந்து அந்தக் கிணத்த எட்டிப் பாத்திருக்கணும். பாக்கல. டவுன்ஷிப்லேர்ந்து இருபது நிமிஷம்தான். முப்பது வருஷம் பாக்கல."

பெரியவர், "பன்னெண்டு" என்றார். "கெணறு பன்னெண்டு."

"ஒண்ண விட்டுட்டாங்களா?"

"வுட்டுட்டாங்க. அது என்னோடது."

அவர் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு எல்லாரும் போட்டார்கள்.

கருத்துக் கேட்புக் கூட்டம் கடலூரில். பெரிய கூடம், மின்விசிறிகள், வரிசை வரிசையாக நாற்காலிகள், ஒவ்வொரு ஊராட்சியிலிருந்தும் ஆட்கள். ஒரு மனுவுக்கு இரண்டு நிமிஷம். டிரேசரம்மா படம் ஒன்று வரைந்து கொண்டுவந்திருந்தார். அவர் கண்ணுக்கு அப்போதே கோளாறு ஆரம்பித்திருக்க வேண்டும், ஆனால் அந்தப் படத்தில் ஒரு பிசிறு இல்லை. நாலு வார்டும் நாலு நிறத்தில், வாய்க்கால் நீலத்தில், பாலத்தைச் சுற்றும் பாதை புள்ளிக்கோட்டில். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"வாய்க்கால் குறுக்க இருக்கறதால ஒரே வார்டுக்குள்ள போக வர முடியாதுன்னு சொல்றாங்க. வழி இருக்கா இல்லையா?"

எனக்கு இடதுபுறம் டிரேசரம்மா நின்றார். பின்வரிசையில் பழைய தலைவர் உட்கார்ந்திருந்தார், எனக்குத் திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"வழி இருக்குங்க சார்."

அதிகாரி குறித்துக்கொண்டார். அடுத்த மனுவைக் கூப்பிட்டார்கள்.

டிரேசரம்மா எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. படத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனார். திரும்பும் பஸ்ஸில் வேறு இடமில்லாமல் இருவரும் ஒரே சீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. குள்ளஞ்சாவடி வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். அங்கே கூட்டம் இறங்கிய பிறகு சொன்னார்.

"நீங்க சொன்னது பொய்யின்னா நான் சண்ட போட்டிருப்பேன். பொய் இல்ல. வழி இருக்குது. அதான் எனக்கு எரிச்சல்."

"எம் பையன் வேல..." என்று ஆரம்பித்தேன்.

"கேட்டேனா நான்?" என்றார். வடலூரில் இறங்கும்வரை வேறு பேச்சில்லை.

வரைவு அப்படியே இறுதியாயிற்று. தேர்தல் வந்தது. காலனிக்காரர்கள் டிரேசரம்மாவை நிற்கச் சொன்னார்கள். நேற்று வந்தவள் நான், உங்களில் ஒருத்தர் நில்லுங்கள் என்று மறுத்துவிட்டார். நாலு வார்டிலும் ஒவ்வொரு ஆளை நிறுத்தினார்கள். நாலாம் வார்டில் மல்லிகா. டவுன்ஷிப்பில் துப்புரவுக் காண்ட்ராக்டில் வேலை பார்க்கிற பெண், வாயும் உண்டு, மூளையும் உண்டு. நாலு பேரும் தோற்றார்கள். ஒவ்வொரு வார்டிலும் காலனி ஓட்டு காலனிக்கே விழுந்தது, ஊர் ஓட்டு ஊருக்கே விழுந்தது. எண்பது எழுபதைவிடப் பெரியது, அவ்வளவுதான். காலனிக்கு ஒரு உறுப்பினர்கூட இல்லாமல் ஊராட்சி மன்றம் கூடியது. அந்த மாதமே மூன்றாவது மேல்நிலைத் தொட்டிக்குத் தீர்மானம் போட்டார்கள். ஊருக்கு. தீர்மானப் புத்தகத்தில் எழுதியது நான்.

இதோடு அந்த அம்மா அடங்கிவிடுவார் என்று நினைத்தேன். நாலாம் வார்டு மெம்பர் ராஜாங்கம் ஒரு நாள் அலுவலகத்துக்கு ஓடிவந்தார். ஊர்க்காரர், கீழத்தெரு, நெல் வியாபாரம், தன் உண்டு தன் வேலை உண்டு என்று இருப்பவர். பழைய தலைவர் சொன்னதால் நின்று ஜெயித்தவர்.

"கிளார்க்கு, அந்தம்மாவ வேற வார்டுக்கு மாத்திவிட முடியுமா?"

"ஏங்க?"

"திங்கக்கெழம திங்கக்கெழம வந்துடுது. நான் ஒங்க வார்டு, நீங்க என் மெம்பரு, தண்ணி எப்ப வரும்னு கேட்டுக்கினு வாசல்ல ஒக்காந்துடுது. திட்டினாலும் பரவால்ல. திட்டவும் மாட்டேங்குது. என் பொண்டாட்டி காப்பி போட்டுக் குடுக்குறா. ரெண்டு பேரும் பேசிக்கினு கெடக்குறாளுங்க. போன வாரம் எங்கூட்டுக்காரி என்னையே கேக்குறா, ஏன்யா அவுங்களுக்குத் தண்ணி வுடலன்னு."

விசாரித்தேன். ராஜாங்கம் மட்டும் இல்லை. திங்கட்கிழமை தோறும் காலனியின் நாலு வரிசைப் பெண்களும் மூன்று கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு வந்து, அவரவர் வார்டு உறுப்பினர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார்கள். கோஷம் இல்லை, காலிக் குடம் இல்லை. என் மெம்பர் நீங்க, என் தண்ணி எங்க, அவ்வளவுதான் பேச்சு. எல்லாம் டிரேசரம்மாவின் ஏற்பாடு. நாலு மாதம் நடந்தது. ஐந்தாம் மாதக் கூட்டத்தில் நாலு உறுப்பினர்களும் ஒரே குரலில், தொட்டியைக் காலனியில் கட்டுங்கள், எங்களால் வீட்டில் இருக்க முடியவில்லை என்றார்கள். பழைய தலைவர் அப்போது மறுபடியும் தலைவராகியிருந்தார். அவர் பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது.

தொட்டி வந்தது. குழாயில் தண்ணீர் வந்த அன்று காலனியில் பொங்கல் வைத்தார்கள். டிரேசரம்மாவிடம் வாழ்த்துச் சொல்லப் போனேன். முகம் இன்னும் சிடுசிடுவென்றுதான் இருந்தது.

"இன்னும் என்னம்மா குறை? தண்ணி வந்துடுச்சே."

"நாலு மாசம் அடுத்தவங்க வாசல்ல ஒக்காந்து வாங்கின தண்ணி. அந்தக் கூட்டத்துல எங்க ஆளு ஒருத்தர் இருந்திருந்தா, ஒரு தீர்மானம். ரெண்டு நிமிஷம். அத எனக்குக் கணக்குப் பண்ணிச் சொல்லுங்க."

இந்த மனுஷியைத் திருப்திப்படுத்தவே முடியாது என்று மனைவியிடம் வந்து புலம்பினேன். அவள், "அவுங்க கேட்டது தண்ணி மட்டும் இல்லியே" என்றாள். என் வீட்டிலும் ஒரு ராஜாங்கம் பெண்டாட்டி.

இரண்டு வருஷம் போயிற்று. டிரேசரம்மாவுக்குக் கண் மோசமாயிற்று. ஒரு கோடு இரண்டாகத் தெரிகிறது என்றார். அறுவை செய்தும் சரியாகவில்லை. மகன் வந்து ஓசூருக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்தார். போவதற்கு முதல் வாரம், மகனின் கையைப் பிடித்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். மல்லிகாவும் பின்னாலேயே வந்தாள். வாக்காளர் பட்டியலிலிருந்து தன் பெயரை நீக்கும் படிவத்தைப் பூர்த்தி செய்து தரும்படி கேட்டார்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "எதுக்கும்மா இப்ப? யாராவது தானாப் போய் பேர எடுப்பாங்களா? இருந்துட்டுப் போகட்டும்."

மல்லிகா கெஞ்சினாள். "ராஜாங்கம் ஒடம்பு சரியில்லாம படுத்துக்கினு இருக்காரு. நாளைக்கே ஒண்ணுன்னா எடத்தேர்தல் வரும். கீழத்தெருவுலயே அஞ்சாறு பேரு எனக்குப் போடறேன்னு சொல்லிக்கினு இருக்காங்க. ஒவ்வொரு ஓட்டும் வேணும்மா. அன்னிக்கி ஒரு நாள் பஸ் ஏறி வந்து குத்திட்டுப் போயிடுங்க."

"நான் இங்க குடியிருக்கலையே மல்லிகா."

"கீழத்தெருவுல செத்தவங்க பேரே மூணு இருக்குதும்மா."

"அதுவும் தப்புதான். கிளார்க் சார் அதையும் எழுதுவாரு."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "ஊரே கோணலா கெடக்கு. நீங்க ஒருத்தர் நேரா இருந்து என்னாகப்போவுது? உங்க சனத்துக்குத்தான் நஷ்டம்" என்று கத்தினேன். அவருடைய மகன் சங்கடத்தோடு தரையைப் பார்த்தார்.

"இல்லாத எடத்துல என் பேர வச்சுக்கிட்டு, எல்லைய ஒழுங்கா போடுங்கன்னு நான் யாரக் கேக்க முடியும்?" என்றார் டிரேசரம்மா. படிவத்தை எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போடும் இடத்தை மகன் விரலால் காட்டினார். போட்டார். பெயர் போயிற்று. செத்தவர்கள் மூன்று பேரையும் நீக்கச் சொல்லி நான் எழுதி அனுப்பினேன், ஆனால் அந்தப் பெயர்கள் போகவில்லை.

மல்லிகா சொன்னபடியே நடந்தது. ஆறு மாதத்தில் ராஜாங்கம் இறந்துபோனார். இடைத்தேர்தல் வந்தது. இந்த முறை கீழத்தெருப் பெண்கள் சிலர், ராஜாங்கத்தின் மனைவி உட்பட, மல்லிகாவுக்கு வெளிப்படையாகவே வேலை செய்தார்கள். ஒன்றிய அலுவலகத்தில் வாக்கு எண்ணிக்கை. சீட்டுகளை எண்ணினார்கள், திரும்ப எண்ணினார்கள், மூன்றாம் முறையும் எண்ணினார்கள். மல்லிகா ஒரு ஓட்டில் தோற்றாள்.

அவள் அழவில்லை. சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு, "ஒண்ணு, ஒரே ஒண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காலனியிலிருந்து வந்தவர்கள் டிரேசரம்மாவைத் திட்ட ஆரம்பித்தார்கள். முதல்முறை கிணற்றுக் கணக்குச் சொன்ன அந்தப் பெரியவர்கூட, "பெரிய அரிச்சந்திரன் பரம்பர" என்று காறித் துப்பினார். எனக்கும் அதே கோபம்தான். வெளியே புளியமரத்தடிக்கு வந்து ஓசூருக்குப் போன் போட்டேன். அவரே எடுத்தார்.

"அம்மா, மல்லிகா தோத்துட்டா. ஒரு ஓட்டுல. ஒரே ஒரு ஓட்டுலம்மா. அன்னைக்குத் தலபாடா அடிச்சிக்கிட்டோம், கேட்டீங்களா?"

அவர் மெதுவாக, அவசரமில்லாமல் கேட்டார்.

"என் வீட்டுக்கு எதிர் வரிசையில மொத்தம் எத்தன ஓட்டு?"

அந்த வரிசையை அவர் வரிசையிலிருந்து பிரித்து நான்தான் மூன்றாம் வார்டில் எழுதினேன். எண் எனக்கு மனப்பாடம்.

"எழுபத்திரெண்டுங்கம்மா."

"அப்ப ஒரு ஓட்டுல தோக்கல கிளார்க் சார்" என்றார்.